போர்க்கால ஜீப்பை வீட்டிலேயே மீட்டெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் தயாரான வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ என்ற இரண்டு ராணுவ ஜீப்புகளைப் பற்றியது இந்தப் பக்கம். தோட்டத்து ஷெட்டிலோ மலையோரப் பட்டறையிலோ இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, இதை ஓட வைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். வீட்டுக் கொட்டகையில், பொறுமையோடு, உள்ளூர் லேத் பட்டறையின் உதவியோடு செய்யக்கூடிய வேலைதான் இது.

இந்த ஜீப்புகள் நம் பக்கம் எப்படி வந்தன?

பர்மா போர்முனைதான் காரணம். அசாமிலிருந்து சீனா நோக்கிப் போட்ட லீடோ சாலைக்கும், பர்மாவில் சண்டையிட்ட படைகளுக்கும் அமெரிக்கத் தளவாடங்கள் இந்தியா வழியாகத்தான் போயின. 1944-இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு மாறியதால் இலங்கையிலும் இவை ஓடின. போர் முடிந்ததும் மிச்சமிருந்தவை உபரிச் சரக்காக விற்கப்பட்டு, தேயிலைத் தோட்டங்களுக்கும் காட்டுப் பாதைக்காரர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. 1945-இல் தொடங்கிய மகிந்திரா நிறுவனம் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பம்பாய் மஸ்காவ்னில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. அவை போருக்குப் பிந்தைய மாடல்கள். முன் கிரில்லில் ஏழு துளை இருந்தால் அது பிந்தையது, ஒன்பது துளை இருந்தால் போர்க்காலத்தது. ஆனால் கிரில்லை மாற்றுவது ஒரு மணி நேர வேலை. அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

என்னிடம் இருப்பது வில்லிஸா, ஃபோர்டா?

இரண்டும் ஒரே வடிவமைப்பு. வில்லிஸ் ஏறத்தாழ 3.6 லட்சமும், ஃபோர்டு ஏறத்தாழ 2.8 லட்சமும் செய்தன. பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. அதனால் எண்பது ஆண்டுகளில் எல்லா வண்டியும் கலப்பாகிவிட்டது. பாடியையோ என்ஜினையோ பார்த்து முடிவு செய்ய வழியில்லை, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான ஃபிரேமைத்தான் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டருக்குக் கீழே இரண்டு நீளச் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தைத் தடவிப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த 'ப' வடிவத்தில் தட்டையாக இருந்தால் ஃபோர்டு. எண்ணும் அப்படித்தான். ஃபோர்டு தன் எண்ணை இடது சட்டத்தின் மேல் முகத்தில் நேரடியாகக் குத்தியது. வில்லிஸ், முன் பம்பருக்குப் பின்னால் இடது சட்டத்தின் உட்புறத்தில் சிறு தகடு ஒன்றை ரிவெட் அடித்தது. அந்தத் தகடு பல வண்டிகளில் தொலைந்திருக்கும். ஃபோர்டில் குத்திய எண், பெயின்டும் மண்ணும் மூடி மறைந்திருக்கும். பெயின்ட் ரிமூவரும் பித்தளைப் பிரஷ்ஷும் போதும். அந்த இடத்தில் கிரைண்டர் பட்டால் வண்டியின் பிறப்புச் சான்றிதழையே அழித்துவிடுவீர்கள்.

இன்னொரு அடையாளம்: ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட் தலை உட்பட, சாய்ந்த 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. கழற்றும்போது கிடைக்கும் 'எஃப்' போல்ட் ஒவ்வொன்றையும் தனி டப்பாவில் போட்டு வையுங்கள். பட்டறையில் "இது துருப்பிடிச்சது, புதுசு போட்டுக்கலாம்" என்பார்கள். விடாதீர்கள். மரை நன்றாக இருந்தால் அதே போல்ட் திரும்ப வண்டிக்கே போகட்டும்.

வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஆர்.சி., அதன் பிறகு ஃபிரேம், அதன் பிறகுதான் மற்றதெல்லாம். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் ஃபிரேமில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். என்ஜின் பலமுறை மாறியிருக்கும். அது ஆர்.சி.யில் ஏறியிருந்தால் சிக்கல் இல்லை. ஃபிரேம் எண் பொருந்தவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது. "எண்ணைக் குத்திக்கொடுத்துவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அது குற்றம், வரலாற்றையும் பொய்யாக்குகிறது.

ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு வின்டேஜ் வண்டி என்று தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. மாநில எழுத்துகளுக்குப் பின் 'விஏ' என்று வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடி. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். மேலும் கண்காட்சி, வின்டேஜ் ராலி, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடம் ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கு இது பொருந்தாது. சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு வருவதே அவர்களுக்கு வழி.

ராணுவ ஏலத்தில் நேரடியாக வாங்க முடியுமா?

இந்த வயது ஜீப் இன்று ஏலத்துக்கு வராது. ஜோங்கா, ஜிப்ஸி போன்ற பிற்கால வண்டிகளைத் தேடுபவர்களுக்கு ஒரு சொல்: முன்னாள் ராணுவ வண்டியைப் பதிவு செய்ய, உரிய அதிகாரி தந்த அசல் விற்பனைச் சான்றிதழ் படிவம் 21-இல் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி கேட்கிறது. அது இல்லாமல் கைமாறி வந்த வண்டி, காயலாங்கடை இரும்புதான்.

ராணுவப் பச்சை அடிக்கலாமா?

கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் பச்சை, பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. பலர் அடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எண் பலகையில் ராணுவ அம்புக்குறி போடுவது அதைவிட மோசம்.

இதற்கு மனம் வருந்தத் தேவையில்லை. இந்த ஜீப்புகள் போரில் பச்சையாக மட்டும் ஓடவில்லை. அமெரிக்கக் கடற்படையில் சாம்பல் நிறத்தில் ஓடின. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படைகள் மணல் நிறம் பூசின. இரண்டுமே வரலாற்றுக்கு உண்மையானவை, விதிக்கும் உட்பட்டவை. பளபளப்பில்லாத பூச்சாக அடித்தால் அந்த உடம்புக்கு அவ்வளவு பொருத்தமாக இருக்கும். நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள். சுரண்டும்போது அடியில் பழைய பச்சையோ, ஸ்டென்சில் எழுத்தோ தெரிந்தால் உடனே நிறுத்திப் படம் எடுங்கள். இருக்கைக்கு அடியிலோ டாஷ்போர்டின் உட்புறத்திலோ ஒரு கையளவு மூலப் பூச்சை அப்படியே விட்டுவைப்பது நல்லது.

என்ன கருவி, எவ்வளவு இடம் வேண்டும்?

வண்டியின் எடை சுமார் 1,100 கிலோ, நீளம் 3.3 மீட்டர். வண்டி நிற்கும் இடத்தைப்போல இரண்டு மடங்கு, மழை படாத கூரை, சமமான சிமென்ட் தரை, செயின் பிளாக் மாட்ட ஒரு வலுவான சட்டம், நான்கு ஜாக் ஸ்டாண்டு. செங்கல்லை அடுக்கி வைத்து அடியில் படுக்கவே கூடாது.

மரைகள் எல்லாம் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரை "கிட்டத்தட்ட பொருந்துகிறது" என்று மாட்டினால் போல்ட் தலை உருண்டுவிடும். ஒரு நல்ல அங்குல சாக்கெட் செட்டுதான் முதல் செலவு. இரண்டாவது, அமெரிக்க ராணுவத்தின் பராமரிப்புக் கையேடு டிஎம் 9-803. 1944-இல் வந்தது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்த போல்டை எந்த வரிசையில் கழற்றுவது என்பதுவரை படத்தோடு இருக்கும். பட்டறையில் யார் என்ன சொன்னாலும் கடைசி வார்த்தை அந்தக் கையேட்டுக்குத்தான்.

முழுவதையும் ஒரேயடியாகக் கழற்றிவிடலாமா?

ஆர்வம் அப்படித்தான் தூண்டும். வீட்டில் தொடங்கிப் பாதியில் நின்றுபோகும் வண்டிகளில் பல இந்த இடத்தில்தான் நிற்கின்றன. சாக்குப்பையில் பாகங்கள், சுவரில் சாய்த்த பாடி, எது எங்கே போகும் என்று யாருக்கும் நினைவில்லை.

என் யோசனை வேறு. முதலில் அதை நின்ற இடத்தில் உயிர்ப்பிக்கப் பாருங்கள். என்ஜின் சுழல்கிறதா, கம்ப்ரஷன் இருக்கிறதா, கியர் விழுகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு, ஒரு சமயத்தில் ஒரு பகுதி: பிரேக் முடிந்தால் ஸ்டியரிங், அது முடிந்தால் வயரிங். ஃபிரேமில் விரிசலோ, பாடியில் பெரிய அழுகலோ இருந்தால் மட்டும் முழுக்கக் கழற்றுங்கள். அப்போதும் ஒவ்வொரு இணைப்பையும் நான்கு பக்கமும் படம் எடுத்து, போல்டுகளைப் பகுதிவாரியாகப் பையிலிட்டு, பெயர் எழுதிக் கட்டுங்கள். லீஃப் ஸ்பிரிங் பட்டைகளில் இடது, வலது என்று எழுதுவது கட்டாயம். முன்பக்கம் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல.

பாடி துருப்பிடித்திருக்கிறது. புதிது அடித்துக்கொள்வது நல்லதா?

டிங்கர் பட்டறையில் தடிமனான தகட்டில் புதுப் பாடி அடித்துக் கொடுப்பார்கள். செலவு குறைவாகவும் இருக்கலாம். ஆனால் மூலப் பாடியின் மெல்லிய விளிம்பு, அழுத்திய வரி, ஸ்பாட் வெல்டு புள்ளிகள் எதுவும் அதில் வராது, எடையும் கூடும். நான்கில் ஒரு பங்கு தகடு நல்லதாக இருந்தால்கூட அதைக் காப்பாற்றுவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. அழுகிய இடத்தை மட்டும் வெட்டி, அதே தடிமன் தகட்டில் ஒட்டுப்போடச் சொல்லுங்கள்.

துருவின் மூலம் எங்கே என்று தெரியாமல் ஒட்டுப்போட்டால் சில மழைக்காலத்தில் திரும்பிவிடும். தரைத் தகட்டுக்கு அடியில் தொப்பி வடிவ இரும்புச் சட்டங்கள் ஓடும். அவற்றுக்குள் தொழிற்சாலையிலேயே மரக்கட்டை செருகியிருந்தார்கள். அந்தக் கட்டை ஈரத்தைக் குடித்து உள்ளிருந்தே இரும்பைத் தின்றிருக்கும். மேலே தரை நன்றாகத் தெரியும், கீழே திருப்புளியால் குத்தினால் உள்ளே போகும். பழைய கட்டையை எடுத்துவிட்டு, உள்புறம் துரு தடுப்புப் பூச்சு கொடுத்து, பதப்படுத்திய புதுக் கட்டையை எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்துச் செருகுங்கள். பின்பக்கக் கருவிப் பெட்டிகளின் அடித்தளத்தையும் இப்படியே சோதியுங்கள்.

சின்னப் பாகங்களுக்கு மின்பகுப்பு முறை அருமையானது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், சலவை சோடா, பேட்டரி சார்ஜர், பலியாகச் சாதாரண இரும்புக் கம்பி. பாகத்தைச் சார்ஜரின் நெகட்டிவ் முனையிலும் கம்பியைப் பாசிட்டிவ் முனையிலும் கட்ட வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியைப் பயன்படுத்தவே கூடாது, நச்சுள்ள குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த வெளியில் வையுங்கள். ஸ்பிரிங் போன்ற கடினப்படுத்திய எஃகை இதில் போட்டால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். பழைய பெயின்டில் ஈயமும், பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

என்ஜின் இறுகிப்போய் நிற்கிறது. தீர்ந்ததா?

பெரும்பாலும் இல்லை. 2,199 சிசி, நான்கு சிலிண்டர், 60 குதிரைத்திறன் கொண்ட இந்த என்ஜின் எளிமையானது. வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே பக்கவாட்டில் நிற்கும். ஹெட் என்பது வெறும் மூடிதான். அதைக் கழற்றினால் பிஸ்டனும் வால்வும் கண்முன்னே தெரியும். எங்கே இறுகியிருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சம அளவு கலந்து ஊற்றி ஊறவிடுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. பிறகு முன்பக்கக் கிராங்க் கைப்பிடியால் முன்னும் பின்னும் லேசாக அசையுங்கள். ஸ்டார்ட்டரால் முறுக்கினாலோ வண்டியைக் கட்டி இழுத்தாலோ சிக்கிய வால்வு வளையும். அசைந்துவிட்டால் உடனே ஸ்டார்ட் செய்யாமல் என்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றிச் சேற்றைச் சுத்தம் செய்யுங்கள்.

பிளாக்கில் பார்க்க வேண்டிய முக்கிய இடம், எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ஒல்லியான பகுதி. சூடேறிய என்ஜினில் அங்குதான் விரிசல் விடும். சாயம் ஊற்றிப் பார்க்கும் சோதனையை நல்ல லேத் பட்டறைகள் செய்து தருகின்றன. கோவை போன்ற பம்புசெட் ஊர்களில் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது, ஸ்லீவ் போடுவது, கிராங்க் கிரைண்டிங் எல்லாம் கைவந்த வேலை. அளவுகளை நீங்கள் எழுதிக் கொண்டுபோங்கள்: டேப்பட் இடைவெளி 0.014 அங்குலம், பிளக் 0.030, பாயின்ட் 0.020, எரியும் வரிசை 1-3-4-2.

டீசல் என்ஜின் மாற்றியிருக்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா?

பெட்ரோல் செலவுக்குப் பயந்து தோட்டக்காரர்கள் மாற்றினார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதுதான் பல வண்டிகளை காயலாங்கடைக்குப் போகாமல் காத்தது. ஆனால் டீசலின் அதிர்வும் இழுவையும் இந்த மூன்று கியர் பெட்டிக்குச் சுமை. வின்டேஜ் பதிவுக்கும் தடையாகும். மூல என்ஜின் கிடைக்கும்வரை டீசலோடு ஓட்டலாம். ஃபிரேமில் புதிதாக எதையும் வெட்டாதீர்கள்.

6 வோல்ட் மின்சாரத்தை 12 ஆக்கிவிடலாமா?

"6 வோல்ட்டில் ஸ்டார்ட் ஆகாது" என்பது பரவலான நம்பிக்கை. வோல்ட் பாதியானால் அதே வேலைக்கு மின்னோட்டம் இரட்டிப்பாகும். அதற்குத் தடித்த கேபிள் வேண்டும். கடையில் கிடைக்கும் 12 வோல்ட் கார் கேபிளைப் போட்டால் ஸ்டார்ட்டர் முனகத்தான் செய்யும். தடித்த கேபிள், சுரண்டிச் சுத்தமாக்கிய எர்த் இணைப்புகள், என்ஜினிலிருந்து ஃபிரேமுக்குப் பின்னல் பட்டை ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் 6 வோல்ட்டிலேயே நன்றாகப் பிடிக்கும். பல்பு கிடைப்பது கடினம்தான், மொத்தமாக வரவழைத்துக்கொள்ளுங்கள். இரவில் அடிக்கடி ஓட்டுவதாக இருந்தால் மட்டும் 12-க்கு மாறுவதில் நியாயம் உண்டு.

ஹெட்லைட்டைப் பின்பக்கம் புரட்டினால் என்ஜினுக்கு வெளிச்சம் காட்டும். இருட்டில் பழுது பார்க்கச் செய்த ஏற்பாடு. அந்தக் கீல் உடைந்திருந்தால் வெல்டிங் வைத்து அசையாமல் ஆக்கிவிடாதீர்கள். சரிசெய்து கொடுங்கள்.

பிரேக்கை நம்பலாமா?

ஒன்பது அங்குல டிரம், ஒரே ஒரு ஹைட்ராலிக் சுற்று. எங்கே ஒரு சொட்டு ஒழுகினாலும் நான்கு சக்கரமும் போய்விடும். அதனால் இதில் சிக்கனம் வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாமே புதிது. வெறும் செம்புக் குழாய் பிரேக்குக்கு ஆகாது. ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, முன்பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் சுழலும் ஷாஃப்டைப் பிடிக்கிறது. நிறுத்திய பிறகு போடுவதற்கானது அது. ஓடும்போது இழுத்தால் ஷாஃப்டும் கியரும் அடி வாங்கும்.

ஃபோர் வீலில் தார்ச்சாலையில் ஓட்டலாமா?

வேண்டாம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவில், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் இல்லை. பிடிப்புள்ள சாலையில் திரும்பும்போது ஷாஃப்டுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். மண், சேறு, மணல் ஆகியவற்றில் மட்டும் போடுங்கள். கியர் எண்ணெய் ஜிஎல்-4 வகையாக இருக்கட்டும், பித்தளை கலந்த பாகங்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

சக்கரத்தில் இரண்டு வரிசை நட்டு இருக்கிறதே?

கவனமாகப் படியுங்கள். சில வண்டிகளில் 'காம்பாட் ரிம்' எனப்படும் இரு துண்டுச் சக்கரம் இருக்கும். உள்வட்ட நட்டுகள் சக்கரத்தை ஹப்போடு பிடிக்கின்றன. வெளிவட்ட நட்டுகள் ரிம்மின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கின்றன. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரியும், உயிரே போகலாம். பஞ்சர் கடைக்காரருக்கு இது தெரிந்திருக்காது. வால்வு ஊசியைக் கழற்றி முழுக்கக் காற்றை இறக்கிய பிறகே தொட வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். டயர் அளவு 6.00-16.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஆகுமா?

என்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 6.48-க்கு 1 என்பதால் ஆக்டேன் பற்றிக் கவலையே இல்லை. பிரச்சினை ரப்பரில்தான். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், ஹோஸ், கார்பரேட்டர் வாஷர்களை எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தினால் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு நேர் அடியில் இருக்கிறது. ஓட்டை விழுந்த டேங்க்கை வீட்டில் வெல்டிங் வைக்க நினைக்காதீர்கள், காலி டேங்க்தான் அதிக ஆபத்து.

உதிரி பாகங்கள் எங்கே கிடைக்கும்?

நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. மகிந்திரா சிஜே3பி ஜீப்பின் பெட்ரோல் என்ஜினும் இதே குடும்பம்தான். சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஓடும் நீளமும் ஒன்றே. டிரான்ஸ்ஃபர் கேஸும் அதே ஸ்பைசர் 18 வகை. அதனால் சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் பழைய ஜீப் பாகம் விற்கும் கடைகளில் அலைவது வீண்போகாது. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள். போர்க்காலத்துக்கே உரிய பாகங்கள் வெளிநாட்டில் இன்னும் புதிதாகச் செய்யப்படுகின்றன. சுங்க வரி சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எவ்வளவு காலம் ஆகும்?

வார இறுதி வேலையாக என்றால் ஆண்டுக்கணக்கில். அவசரப்படுபவர்கள் ஓடும் நிலையிலுள்ள வண்டியை வாங்குவது மேல்.

தயாரான பிறகு எவ்வளவு வேகத்தில் போகலாம்?

டாஷ்போர்டுத் தகடு மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டர் என்கிறது. அந்த பிரேக்கையும் குட்டையான வீல்பேஸையும் நினைத்து 60 கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி மட்டும் இருக்கட்டும். திரும்பி வந்ததும் நான்கு டிரம்மையும் கையை அருகில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சக்கர நட்டு, ஸ்பிரிங் யு-போல்ட், ஸ்டியரிங் இணைப்புகளை மீண்டும் முறுக்குங்கள். சக்கரத்தில் இடப்பக்க மரை எதிர்த் திசையில் இறுகும் என்பதை மறக்காதீர்கள். என்ஜினுக்கு வேலை செய்திருந்தால் ஹெட் போல்டுகளையும் கையேட்டு வரிசைப்படி ஒருமுறை சரிபார்த்து, எண்ணெயைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள்.